என் வண்டியைத் தொடமாட்டோம் என்ற தீர்மானத்துக்கு என் பதில்

அவையோரே, பேச்சைத் தொடங்குமுன் ஒரு மன்னிப்பு.

என் கையில் இருக்கும் தாள்கள் நானே எழுதியவை. முதியோர் மாலை வகுப்பில் சேர்ந்து, எழுத்துகளைக் கற்று, ஒவ்வொன்றாகக் கோட்டின் மேல் உட்கார வைத்து எழுதினேன். உட்கார வைத்த எல்லாம் உட்காரவில்லை. சில எழுத்துகள் சாய்ந்திருக்கின்றன. சில பக்கத்து எழுத்தின் தோளில் தூங்குகின்றன. ஆகவே நடுவில் நான் நின்றுவிட்டால், பேச்சு முடிந்தது என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். ஏதோ ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டேன் என்று பொருள். கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஓடும்.

எந்த எஞ்சினும் என்னிடம் பொய் சொல்ல முடியாது என்று மார்தட்டி, எண்ணெய்க் கையாலேயே மணியடித்து இந்த அவையைத் தொடங்கி வைத்திருக்கும் பழுது பார்ப்போர் சங்கத் தலைவர், எஞ்சின் மெக்கானிக் அவர்களே!

நெருப்பை நெற்றிக்கு நேரே நிறுத்தி, நீலக் கண்ணாடிக்குப் பின்னே நின்று, முறிந்ததை எல்லாம் முகம் சுளிக்காமல் சேர்த்து வைக்கும் துணைத் தலைவர், வெல்டர் அவர்களே!

கண்ணுக்குத் தெரியாத காற்றைக் கட்டிக் கொடுத்தே காலத்தைக் கண்ணியமாக ஓட்டும் பொருளாளர், பஞ்சர் கடைக்காரர் அவர்களே!

ஒயருக்கும் ஒயருக்கும் உறவு ஏற்படுத்தி, எந்த உறவு எங்கே போய் முடிகிறது என்பதைத் தமக்கே தெரியாமல் காப்பாற்றி வரும் செயலாளர், எலக்ட்ரீஷியன் அவர்களே!

முன்வரிசையில் அமர்ந்து, சட்டைப் பையில் ஒரு சாவியை வைத்துக்கொண்டு, பையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மைத்துனர் அவர்களே!

இவர்கள் எல்லாருடைய சட்டைக் கறையையும் துவைத்துத் துவைத்துக் கை சிவந்த தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் நடுவில், என்னைத் தெரியாதவளைப் போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவியே!

உங்கள் அனைவருக்கும் இந்த நாற்காலிக் கடைக்காரனின் பணிவான வணக்கம்.

ஆம், நாற்காலிக் கடைக்காரன். கூட்டம் நடத்துவோருக்கு நாற்காலியும் மைக்கும் மேடைப் பலகையும் வாடகைக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி என்னுடையது. நான் பிடித்திருக்கும் மைக் என்னுடையது. என் வண்டியைக் கண்டிக்கக் கூட்டம் போடுகிறோம், நாற்காலி வேண்டும் என்று தலைவர் கேட்டபோது, மறுத்தேனா? முகம் வாடினேனா? கொண்டுவந்து போட்டேன். அதை எது கொண்டுவந்தது? எதைக் கண்டிக்கப் போகிறீர்களோ, அதே வண்டி கொண்டுவந்தது! தன் மேல் வரும் தீர்ப்பைக் கேட்க வருகிறவர்களுக்குத் தானே நாற்காலி சுமந்து வந்து, இதோ அந்த வேலிக்கு அருகில் அமைதியாக நிற்கிறதே, அந்தப் பெருந்தன்மை எந்தப் புது வண்டிக்கு வரும்?

கை தட்டியவர்களுக்கு நன்றி. மைத்துனர் தட்டவில்லை. அதையும் பார்த்தேன்.

அவையோரே! இந்தத் தீர்மானத்தை நான் முதலில் எப்படி அறிந்தேன் தெரியுமா? வகுப்பில் சேர்வதற்கு முன்பு உங்கள் கடைகளை எல்லாம் வாசனையால்தான் எனக்குத் தெரியும். ரப்பர் தீய்ந்தால் பஞ்சர் கடை. இரும்பு தீய்ந்தால் வெல்டர். இரண்டும் இல்லாமல் ஏதோ ஒன்று தீய்ந்தால் எலக்ட்ரீஷியன். எழுத்து வந்த பிறகு தெருவே எனக்குப் புதிதாகிவிட்டது. ஒவ்வொரு பலகையின் முன்னும் நின்று படிப்பேன். அப்படிப் படித்துக்கொண்டே வரும்போது பஞ்சர் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புதுத் தாள். யாரும் எனக்குப் படித்துக் காட்டாத தாள். விரலை வைத்து வைத்து நானே படித்தேன். "நாற்காலிக் கடைப் பெரியவரின் மூன்று சக்கர வண்டியைச் சங்க உறுப்பினர் எவரும் இனித் தொடமாட்டார்" என்று கடைசி எழுத்துவரை, ஓரிடத்திலும் தடுக்காமல் படித்துவிட்டேன்!

எனக்கு வந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்? தெருவில் போனவர்களை எல்லாம் நிறுத்தினேன். உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் படித்தேன். மூலையில் இருக்கும் தையல்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம் பெரியவரே! தங்கு தடையில்லாம படிக்கிறீங்க! ஆமா, அதுல என்ன எழுதியிருக்குன்னு கவனிச்சீங்களா?"

அப்போதுதான் கவனித்தேன்.

நிர்வாகக் குழு முடிவு செய்துவிட்டது. இன்று பொதுக்குழு கையைத் தூக்கினால் அது நிலைத்துவிடும். கை தூக்குவதற்கு முன் எனக்கும் பேச நேரம் கொடுத்தார்கள். அந்த நேர்மைக்கு என் நன்றி. இப்போது குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

தலைவர் அவர்களின் குற்றச்சாட்டு என்ன? என் வண்டி பழுதாகிறது என்பதல்ல. பழுதானால் அவருக்கு வருமானம்தானே? அவர் வருத்தம் வேறு. அவர் சரி செய்து அனுப்பிய வண்டி, அவர் கடை வாசலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. நிற்பதும் எங்கே நிற்கிறது? "எல்லா வண்டிகளும் இங்கே உயிர் பெறும்" என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே நிற்கிறது! வருகிற வாடிக்கையாளர் பலகையைப் பார்க்கிறார், வண்டியைப் பார்க்கிறார், அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுகிறார். தலைவர் என் வண்டியின் மேல் ஒரு பெரிய சாக்கைப் போட்டு மூடிப் பார்த்தார். சாக்கு போட்டு மூடிய ஒரு வண்டி வாசலில் கிடந்தால் வருகிறவர் என்ன நினைப்பார்? உள்ளே போன இன்னொன்றும் இறந்துவிட்டது என்றுதான் நினைப்பார்!

"அண்ணே, அந்த வாரம் ஒரு ஈ காக்கா வரலண்ணே!" என்கிறார் தலைவர். தெரியும் தலைவரே. ஆனால் ஒன்று கேட்கிறேன். கடையைத் தாண்டியதும் நின்றதே, ஏன் அதற்கு அப்பால் போகவில்லை? உங்களை விட்டுப் போக அதற்கு மனம் வரவில்லை என்று ஏன் நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது?

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

அடுத்து, துணைத் தலைவர். என் பக்கத்துக் கதவு கழன்று கையோடு வந்துவிட்டது. வெல்டர் தம்பியிடம் போனேன். "அசையாம உட்காருங்க, ஒரு நிமிஷம்" என்றார். அசையாமல் உட்கார்ந்தேன். பொறி பறந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் கதவு கல்லைப் போல நிற்கிறது. தள்ளினேன். திறக்கவில்லை. தம்பி கதவைக் கதவுச் சட்டத்தோடு சுற்றிலும் பற்ற வைத்திருந்தார்!

"தம்பி, நான் உள்ளே இருக்கேனே!"

"நீங்க உள்ள இருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே!"

"நீதானேப்பா உட்காரச் சொன்னே!"

"கதவு கழண்டு விழுதுன்னுதானே வந்தீங்க? இனிமே விழுமா? விழாதில்ல?"

அன்று முதல் இன்றுவரை அந்தக் கதவு விழவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? நான் என் மனைவியின் பக்கத்துக் கதவு வழியாகத்தான் ஏறி இறங்குகிறேன். அவள் இறங்கினால்தான் நான் இறங்க முடியும். அவள் கடைத்தெருவில் தெரிந்தவரோடு பேச நின்றுவிட்டால், பேச்சு முடியும்வரை நான் வெளியே நிற்கலாம். அவள் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே பேசத் தொடங்கினால், நான் அங்கேயே சாப்பிட்டுக் கொள்ள வேண்டியதுதான். ஆனால் வெல்டர் சொல்லும் குறை என்ன? அந்த வேலையின்போது அவருடைய ஒரு புருவம் தீய்ந்துவிட்டதாம். தம்பி, எழுந்து முகத்தைக் காட்டுங்கள். இதோ, முளைத்துவிட்டதே! என் கதவு இன்னும் முளைக்கவில்லையே, நான் தீர்மானம் போட்டேனா?

அடுத்து, எலக்ட்ரீஷியன். இவர் கைபட்ட நாளிலிருந்து, ஹாரன் பொத்தானை அழுத்தினால் முன்விளக்கு எரியும். விளக்கு விசையைத் திருப்பினால் ஹாரன் அடிக்கும். பிரேக்கை மிதித்தால் கண்ணாடியைத் துடைக்கிற குச்சி ஒரு தடவை ஆடும். போய்ச் சொன்னேன். இவர் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் யோசித்தார்.

"பெரியவரே, ஹாரன் அடிக்குதா?"

"அடிக்குது."

"விளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்புறம் என்ன கோளாறு? இது கோளாறு இல்ல பெரியவரே. இது ஒரு ஏற்பாடு."

ஏற்பாட்டோடு கிளம்பினேன். சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். பிரேக்கை மிதித்தேன். குச்சி எழுந்து அவருக்கு ஒரு சல்யூட் வைத்தது. அவரும் பழக்கத்தில் திருப்பி வைத்துவிட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "ஹாரன் அடி" என்றார். விளக்கைப் போட்டேன், அடித்தது. "விளக்கைப் போடு" என்றார். ஹாரனை அழுத்தினேன், எரிந்தது. அவர் என் கையைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். "பழைய வண்டியா இருந்தாலும் எல்லாம் கரெக்டா வெச்சிருக்கீங்க ஐயா" என்று வழிவிட்டார்.

"அதைத்தானே நானும் சொன்னேன்!" என்கிறார் செயலாளர். சொன்னீர்கள். ஒத்துக்கொள்கிறேன்.

பொருளாளர் பஞ்சர் கடைக்காரரோ என் மேல் கோபப்படவில்லை, வருத்தப்படுகிறார். என் வண்டியின் பின்சக்கர ட்யூபை அவர் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால், அது கொதிக்கிற சோற்றுப் பானையைப் போலக் குமிழ் விடும். ஒட்டின் மேல் ஒட்டு, அதன் மேல் இன்னோர் ஒட்டு. போன முறை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல ட்யூப் எது, ஒட்டு எது?" என்று என்னையே கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "எது காத்தைப் பிடிக்குதோ அது ட்யூப்" என்றேன். "அப்படிப் பாத்தா ட்யூபே இல்லண்ணே" என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று அவர் வீட்டார் சொல்லிக் கேள்விப்பட்டேன். அம்மா, உங்களிடம் இந்த மேடையிலிருந்தே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகக் குற்றச்சாட்டுகள் உண்மை. வண்டியும் உண்மை. பிறகு எதற்காக நான் பேசுகிறேன்?

ஒரு கயிற்றுக்காகப் பேசுகிறேன்.

முன்பொரு நாள் என் வண்டியின் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தது. தலைவர் எஞ்சினிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டுவந்து, "ரெண்டு நாளைக்கு இதை வெச்சு ஓட்டுங்கண்ணே, கேபிள் வந்ததும் மாத்திடலாம்" என்றார். கயிறு என் பக்கம் வந்தால் கியரில் சிக்கும். ஆகவே என் மனைவியின் பக்கமாக விட்டார். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. அன்று முதல் திருப்புவது நான், நிறுத்துவது நான், ஓட வைப்பது அவள்.

முதல் நாள் எங்கள் பேச்சு இப்படி இருந்தது.

"இழு."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"உங்க கொஞ்சமா, என் கொஞ்சமா?"

"மெதுவா இழு!"

"மெதுவாத்தான் இழுக்கறேன், அதுதான் வேகமாப் போகுது!"

நாளாக ஆகப் பேச்சே தேவைப்படவில்லை. அவள் மனம் எப்படியோ வண்டி அப்படி. அவள் மகிழ்ச்சியாக இருந்தால் கயிறு தளர்ந்து, வண்டி ஊர்வலம் போல அசைந்து போகும். கோபம் வந்தால் கை இறுகும், வண்டி பறக்கும். நாங்கள் போவதைப் பார்த்தே தையல்காரர், "இன்னைக்கு என்ன பெரியவரே, காலையிலேயே சண்டையா?" என்று குரல் கொடுப்பார். பதில் சொல்வதற்குள் அடுத்த தெருவில் இருப்பேன்.

ஆற்றுப் பாலத்தின் மேட்டில் மட்டும் என் வண்டி ஏறாது. நாற்காலிகளை இறக்கி, வண்டியைத் தள்ளி, மறுபடி ஏற்றுவோம். ஒரு நாள் மேட்டின் அடியில் பேச்சுவாக்கில் அவள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். சின்ன வார்த்தைதான். அவையோரே! அந்த வண்டி பாலத்தில் ஏறியதே, அது ஏறுவதா? எழுந்தது! நாற்காலிகள் பின்னால் கை தட்டுவதுபோலச் சத்தமிட, உச்சிக்குப் போய்த்தான் நின்றது! அன்றிலிருந்து மேடு வந்தால் மைத்துனரைப் பற்றிப் பேசுவேன். இறக்கம் வந்தால் அவள் வைத்த குழம்பைப் பாராட்டுவேன்.

என்ன மைத்துனரே? "அத்தான், அதுக்குத்தான் என்னைத் திட்டினீங்களா?" என்று கேட்கிறீர்களா? வேறு எதற்கு? சமதரையில் நான் உங்களை ஒரு நாளாவது குறை சொன்னதாக உங்கள் அக்கா சொல்லட்டும்!

அந்த மைத்துனர்தான், நான் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், எனக்கு ஒரு புது வண்டி பார்த்து வைத்திருக்கிறார். அவர் பையில் இருப்பது அதன் சாவி. நல்ல மனம். அவர் காதுபடச் சொல்கிறேன், நல்ல மனம். நாங்கள் இருவரும் அந்த வண்டியைப் போய்ப் பார்த்தோம். பளபளவென்று நின்றது. ஹாரன் பொத்தானை அழுத்தினால் ஹாரனே அடித்தது. கதவு திறந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் பார்த்தேன். இருக்கை இல்லை.

"ஓட்டறவருக்கு மட்டும்தான் சீட்டு ஐயா" என்றார் விற்பனைக்காரர். "இதுக்கு ஒரு ஆள் போதும். பக்கத்துல வேணும்னா பை வெச்சுக்கலாம்."

நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் புது வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "நான் வீட்ல இருந்துக்கறேன். நீங்க வர்றதுக்குள்ள நாற்காலியைத் துடைச்சு வைக்கறேன்."

திரும்பி வரும்போது எங்கள் வண்டி எப்படி ஓடியது தெரியுமா? வேகமும் இல்லை, ஊர்வலமும் இல்லை. நடந்து போகிற ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். அவள் கையில் அந்தக் கயிறு இருந்தது. ஆனால் அந்தக் கயிற்றில் அவள் இல்லை. பாலம் வந்தது. வழக்கம்போல மைத்துனரைப் பற்றிச் சொன்னேன். அசையவில்லை. கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன், மன்னிக்க வேண்டும் மைத்துனரே. கயிறு அசையவில்லை. வண்டி பாலத்தின் அடியில் நின்றுவிட்டது. தலைவர் அவர்களே, எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லாமல் என் வண்டி நின்றது அன்றைக்கு மட்டும்தான்!

கேட்கிறேன்! ஒழுங்காக ஓடுகிற வண்டி உங்களில் எவரையாவது திரும்பிப் பார்க்குமா? ஒழுங்காக ஓடுகிற வண்டியில் போகிறவர் தெருவில் யாரையாவது கூப்பிடுவாரா? தள்ள ஆள் வேண்டாத வண்டிக்கு ஊர் எதற்கு? இழுக்க ஆள் வேண்டாத வண்டிக்கு உறவு எதற்கு? ஓர் ஆள் போதும் என்கிறார்களே, போதுமா? ஓர் ஆள் எதற்குப் போதும்? கல்யாணத்துக்குப் போதுமா? சண்டைக்குப் போதுமா? நாற்காலியைத் தூக்குவதற்காவது, ஆளுக்கொரு பக்கம் வேண்டாமா?

நான் வண்டிக்காகக் கேட்கவில்லை, அவையோரே. இரும்புக்காகக் கேட்கவில்லை. அந்த இரும்புக்குள் என் பக்கத்தில் ஓர் இருக்கை இருக்கிறது. அதற்காகக் கேட்கிறேன்! நீங்கள் தொடமாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டால், இந்த வாரமோ அடுத்த வாரமோ என் வண்டி நின்றுவிடும். அந்தச் சாவி என் கைக்கு வரும். நாற்காலி ஏற்றிக்கொண்டு நான் தனியாகப் போவேன், வேகமாகப் போவேன், சரியான நேரத்துக்குப் போவேன். போய் என்ன செய்வேன்? யாரிடம் "கொஞ்சம்" என்று சொல்வேன்?

என்ன? என் மனைவி எழுந்து ஏதோ சொல்கிறாள். "ஏங்க, இதெல்லாம் மைக்ல பேசற விஷயமா? உட்காருங்க!" என்கிறாள். இதோ முடித்துவிடுகிறேன். அவள் இப்போது மின்விசிறியைப் பார்க்கவில்லை. தாய்மார்கள் யாராவது அவளுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

தீர்மானத்தைக் கைவிடுங்கள் என்று கேட்டு என் உரையை நிறைவு செய்கிறேன். நிறைவு செய்யுமுன், பிறகு நான் மறைத்துவிட்டதாக யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக ஒன்றைத் தெரிவிக்கிறேன். இன்றைக்கு நாற்காலிகளை இறக்கும்போது வண்டியில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. இப்படி: "கொர்ர்ர்... டிக். கொர்ர்ர்... டிக். கீச்ச்." உதவி கேட்டுச் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்திய பிறகு கேட்டது என்பதால் சொல்கிறேன்.

ஏன் எல்லாரும் வேலிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறீர்கள்?

தலைவர் கேட்கிறார், "நிறுத்தின பிறகா அண்ணே?" ஆமாம் தலைவரே. சாவியை எடுத்த பிறகு.

"சாவியை எடுத்த பிறகு எப்படிண்ணே 'கொர்ர்' வரும்?" எனக்கு எப்படித் தெரியும்?

வெல்டர் எழுந்துவிட்டார். "இரும்பு ஆறற சத்தம்ணே அது" என்கிறார். "ஆறற இரும்பு 'டிக்'னுதான் சொல்லும், 'கீச்'னு சொல்லாதுடா" என்கிறார் தலைவர். "கீச்சுன்னா காத்துதான், வேற என்ன?" என்கிறார் பொருளாளர். எலக்ட்ரீஷியன் முகம் வெளுத்திருக்கிறது. "பெரியவரே, கீச்சுன்னப்போ அந்தக் குச்சி ஆடுச்சா?" என்கிறார். ஆடியது தம்பி. இரண்டு தடவை.

தலைவர் மணியடிக்கிறார். "எல்லாரும் உட்காருங்க! நிர்வாகக் குழு முடிவு முடிவுதான். யாரும் தொடக்கூடாது!" சரியான கருத்து. அவையின் மாண்பு காக்கப்பட்டது. இப்போது தலைவரே இறங்கி வேலிப் பக்கம் போகிறார். "பாக்கறதுக்குத் தடை இல்ல, தொடறதுக்குத்தான்" என்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறார். மற்றவர்களும் பின்னாலேயே போகிறார்கள். எல்லாரும் கையைப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். அடடா, என்ன கட்டுப்பாடு!

தலைவர் குனிந்து வண்டியில் காதை வைக்கிறார். "காது தொடலாம்" என்று வெல்டருக்கு விளக்கம் சொல்கிறார். வெல்டர் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டுகிறார். "ஸ்பேனர்தான் தொடுது, நான் தொடலை" என்கிறார். பஞ்சர் கடைக்காரர் படுத்துவிட்டார். அவர் தரையைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறார், அது அவர் உரிமை. எலக்ட்ரீஷியன் ஏதோ ஒரு ஒயரைப் பல்லால் இழுக்கிறார். மைத்துனரே, நீங்கள் எங்கே போகிறீர்கள்? "சும்மா டார்ச் பிடிக்கறேன் அத்தான், இருட்டா இருக்குல்ல" என்கிறீர்கள். பிடியுங்கள், பிடியுங்கள். சாவி கீழே விழுந்துவிடப் போகிறது.

தாய்மார்களே, இப்போது அவையில் இருப்பது நீங்களும் நானும் நாற்காலிகளும்தான். அங்கே என்ன நடக்கிறது என்று நான் மேடையிலிருந்து பார்த்துச் சொல்கிறேன். தலைவர் தலையைச் சொறிகிறார். இரு தோளையும் குலுக்குகிறார். கட்டியிருந்த கையை அவிழ்க்கிறார். போச்சு. முழங்கைவரை உள்ளே விட்டுவிட்டார்! அவரைத் தொடர்ந்து எல்லாரும் விட்டுவிட்டார்கள். "அதை அசைக்காதடா, அதான் பிரச்சினையே!" என்று ஒரு குரல். "நீ போட்ட வேலைதானே இது!" என்று இன்னொரு குரல். எவ்வளவு நாளாயிற்று இவர்கள் முகத்தில் இவ்வளவு மகிழ்ச்சியைப் பார்த்து!

தலைவர் உள்ளிருந்து சத்தம் போடுகிறார். "அண்ணே! ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். இந்த வெல்டர் பய கயிறை இழுத்தா வண்டி கத்துது. அக்காவை அனுப்புங்க! அவங்க கைக்குத்தான் அது கேக்கும்!"

அவள் எழுந்துவிட்டாள். பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போகிறாள். போகிற வழியில் என்னைப் பார்த்து, "வளவளன்னு பேசிட்டிருக்காம சீக்கிரம் முடிச்சுட்டு வாங்க. இந்த நாற்காலியெல்லாம் யாரு ஏத்தறது?" என்கிறாள். வருகிறேன், வருகிறேன்.

ஆகவே, அவைத் தலைவர் இல்லாத நிலையில், நானே தலைவரின் சார்பில் அறிவிக்கிறேன். பொதுக்குழு இன்று கையைத் தூக்கி நிறைவேற்ற வேண்டிய தீர்மானம், தூக்க வேண்டிய கைகள் எல்லாம் என் எஞ்சினுக்குள் இருக்கிற காரணத்தால், அடுத்த வாரத்துக்கு ஒத்தி வைக்கப்படுகிறது. அதற்கும் பதிலுரையை நானே என் கையால் எழுதிக்கொண்டு வருவேன். எழுத்துகள் இன்னும் கொஞ்சம் நேராக உட்காரும் என்று நம்புகிறேன். நாற்காலி வழக்கம்போல நாங்கள் இருவரும் கொண்டுவருவோம்.

அவையில் அமர்ந்தவர்க்கும், வண்டி அடியில் படுத்தவர்க்கும், நடுவில் டார்ச் பிடிப்பவர்க்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி, வணக்கம்.